ரெட்டுக்கு பாலோ

நவம்பர் 3, திங்கள்

இந்த டைரி செண்பகா கொடுத்தது. மாட்டு மருந்துக் கம்பெனிக்காரன் யாரோ அவளுக்குச் சும்மா கொடுத்திருக்கிறான். அட்டையில் ஒரு பசு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. வருஷம் முடியப்போகிற நேரத்தில் எவனாவது டைரி எழுத ஆரம்பிப்பானா என்று அக்கா கேட்டாள். எழுதத் தகுதியான சம்பவம் இன்றைக்குத்தானே நடந்திருக்கிறது, நான் என்ன செய்ய?

செண்பகா என் அக்கா பேச்சியம்மாளின் மகள். மாட்டு டாக்டர். அவளுடைய அறிவு எங்கள் பக்கத்திலிருந்து வந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுகொண்டதற்குக் காரணம், அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லாததுதான். அவளுக்கு எட்டயபுரத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் கால்நடை மருந்தகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பதினேழாம் தேதி திங்கட்கிழமை சேரவேண்டும். மாடு கன்று போடுவது பஸ் நேரம் பார்த்து நடக்கிற காரியமில்லை. அந்த ஊருக்குப் பொழுது சாய்ந்தால் பஸ்ஸும் இல்லை. ஆகவே வீட்டிலிருக்கும் பழைய காரை எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

இன்று பைபாஸில் ஓட்டிப் போனபோது பின்னால் வந்த லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, பிரேக் லைட்டப் பாரும்மா!" என்று கத்திவிட்டுப் போனானாம்.

செண்பகா வந்து சொன்னதும் அத்தான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பேசினார்: "வண்டி சரியா இருந்தாத்தான் புள்ளய அனுப்ப முடியும். சரியில்லன்னா அத எடைக்குப் போட்டுட்டு, உள்ளூர்லயே ஏதாவது பாத்துக்க வேண்டியதுதான்."

நான் சாம்பார்ச் சட்டியைப் பார்த்துச் சொன்னேன்: "வீட்லயே எலக்ட்ரீசியன் இருக்கும்போது எதுக்குப் பயப்படணும்?"

அத்தான் ரசத்தைப் பார்த்துச் சிரித்தார்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அத்தான் சங்கரபாண்டியன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் வாசலில் போர்டு போட்டு நாங்கள் கேரம் ஆடுவோம். ஆடி மாசத்தில் ஒருநாள் நான் போர்டு நடுவில் வைக்கிற சிவப்புக் காயை, அதுதான் ரெட்டு, குழியில் போட்டேன். ரெட்டைப் போட்டால் அடுத்து நம் காய் ஒன்றையும் போடவேண்டும். அதற்குத்தான் பாலோ என்று பெயர். பாலோ விழாவிட்டால் ரெட்டு செல்லாது, திரும்பப் போர்டுக்கே வந்துவிடும். நான் பாலோவையும் போட்டேன். அது குழியின் உதட்டில் நின்றதாக அத்தான் சொன்னார். உதட்டில் நின்றது வெறும் காற்று. காய் குழிக்குள் கிடந்தது. வார்த்தை வளர்ந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "குருமல, ஒம் பேச்சு எதுக்குமே பாலோ கெடையாதுவே!"

அன்றோடு பேச்சு நின்றது. ரெட்டுக் காயும் அன்றோடு காணாமல் போனது. எப்படிப் போனதென்று எனக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 4, செவ்வாய்

வழக்கமான மெக்கானிக் குலதெய்வம் கோயில் கொடைக்குப் போய்விட்டார், பதினெட்டாம் தேதிதான் வருவார். நல்லது. தொந்தரவு இல்லாமல் வேலை பார்க்கலாம்.

மைக்செட்டும் சீரியல் லைட்டும் போட்டே இருபது வருஷம் ஓட்டியவன் நான். மேலத்தெரு அம்மன் கொடையில் ஒயர் அறுந்து ஊரே இருண்டபோது, இரண்டு முனையையும் இரண்டு கையால் சேர்த்துப் பிடித்து, சப்பரம் கோயிலுக்குத் திரும்பும்வரை அசையாமல் நின்றேன். என் வழியாகத்தான் அன்று அம்மனுக்கு வெளிச்சம் போனது. எனக்கு ஒரு பிரேக் லைட்டா?

டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து மிதியடியைப் பார்த்தேன். பெடலுக்கு அடியில் பழுப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னத் துணுக்குகள். நமக்குத் தெரியாத பொருளா? சாத்தூர் காரச்சேவு. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். நமத்துப்போய், காரமெல்லாம் இறங்கி, சவசவ என்றிருந்தது. பழைய சேவு.

அத்தானுக்கு ரத்தக்கொதிப்பு. உப்பு, எண்ணெய், காரம் எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் யாரையும் மாட்டிவிடுகிறவன் இல்லை. "காருக்குள்ள உக்காந்து யாரு காரச்சேவு தின்னா?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். தெருமுனை வரை கேட்டது என்றால் என் குரல்வளம் அப்படி.

அக்கா கரண்டியோடு வந்துவிட்டாள். "ஏங்க, இதுக்குத்தான் வண்டியத் தொடைக்கேன், தொடைக்கேன்னு சாவிய எடுத்துட்டுப் போறீகளா?"

"எம் விசில் மேல சத்தியமா இது நான் தின்ன சேவு இல்லடி!"

"அப்ப வேற சேவு தின்னீகளோ?"

அத்தான் தெருவைப் பார்க்க நடந்துவிட்டார். நான் துணுக்குகளைக் கூட்டிச் சாட்சிக்காகத் தாழ்வாரத்து மூலையில் குவித்து வைத்தேன்.

பிறகு வேலை. பிரேக்கை மிதிப்பது ஒரு பக்கம், லைட் எரிவது இன்னொரு பக்கம். சாமானிய ஆள் இதற்குத் துணைக்கு ஆள் தேடுவான். நான் பெடல்மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு லைட்டும் செக்கச்செவேல் என்று எரிந்தன. நேற்று ராத்திரியே கழற்றி வைத்த பியூஸை வேட்டி முனையால் துடைத்து மாட்டியிருந்தேன், அதில் சரியாகியிருக்கிறது. கல்லை எடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சாப்பிடப் போனேன். நோய் தீர்ந்தது.

"நெசமாவே சரியாயிட்டா மாமா?" என்றாள் செண்பகா.

"ஒம் மாமன் தொட்டுச் சரியாகாம இருக்குமா?"

நவம்பர் 5, புதன்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி செத்துக் கிடக்கிறது. பிரேக் லைட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது தனி நோய். பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் என் மைக்செட் காலத்துச் சார்ஜரில் போட்டேன். அத்தான் கொடிக்கயிற்றைப் பார்த்து, "சில பேரு தொட்டா நின்ன வண்டிகூட படுத்துரும்" என்றார்.

நவம்பர் 6, வியாழன்

மழை. பேட்டரி கரண்டு குடித்துக்கொண்டிருக்கிறது. நான் சுக்குக்காப்பி.

நவம்பர் 8, சனி

காலையில் பேட்டரியை மாட்டினேன். ஹாரன் அடித்த அடியில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்தது. மறுபடியும் செங்கல், மறுபடியும் பின்னால் போய்ப் பார்வை. லைட் எரிகிறது. கல்லை எடுத்தேன், கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் செண்பகா சாவியைத் திருகினாள். கார் இருமக்கூட இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பேட்டரி திரும்பவும் மாடியில். எலி ஒயரைக் கடித்திருக்கலாம். மழைத்தண்ணி இறங்கியிருக்கலாம். கண் பட்டிருக்கலாம். மூன்றையும் கவனித்துவிட்டேன். எலிப்பொறி வைத்தேன், பிளாஸ்டிக் தாள் போர்த்தினேன், எலுமிச்சம்பழம் கட்டினேன்.

அத்தான் போனில் பழைய இரும்பு எடைக்காரன் ஒருவனிடம், "பழைய வண்டிதான், எடை போட்டு எடுத்துக்கிடுதீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றானாம்.

மத்தியானம் நான் கீழே வந்தபோது செண்பகா அந்தச் செத்த காருக்குள் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, கியரைப் போட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பி, தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக்கூடப் பார்த்தாள், பின்னால் வண்டி வருகிற மாதிரி. என்னைக் கண்டதும் சிரித்தாள். "இப்ப எட்டயபுரத்தத் தாண்டிட்டேன் மாமா" என்றாள்.

எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. எங்கள் தெருவில் தூசி அதிகம். மழைக்காலத்திலும் பறக்கும்.

நவம்பர் 11, செவ்வாய்

முக்கியமான நாள். நானே மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தேன். எப்படியென்று எழுதுகிறேன்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒயரைத் தேடினேன். கையில் ஒரு பொட்டலம் வந்தது. ரப்பர் பேண்ட் போட்ட காரச்சேவுப் பொட்டலம். பாதிதான் மிச்சம். ஒன்றை வாயில் போட்டேன். மொறுமொறு என்று, மிளகும் பூண்டுமாய், காது சூடாகிற காரம். ஆகா, சேவு என்றால் இதுதான் சேவு என்று நினைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. இது சேவு என்றால் அன்றைக்கு நான் கடித்தது எது?

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். "ஏலே, கையில என்ன? யாரோடது இது?"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தான் நின்றார். கண் முழுக்கப் பொட்டலத்தின்மேல்தான்.

"என்னோடது" என்றேன்.

இதைப் பொய் என்று சொல்லமுடியாது. அந்த நேரத்தில் அது என் கையில் இருந்தது. கையிலிருக்கும் பொருள் கையுடையவனுக்குத்தானே?

அக்கா என்னைத் திட்டிவிட்டுப் பொட்டலத்தைப் பிடுங்கித் தாழ்வாரத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அதற்கு எறும்பு சாரிசாரியாக வந்தது. பக்கத்திலேயே கிடந்த பழைய துணுக்குகளை ஒரு எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை.

"ஏலே, அது சேவுன்னா எறும்பு விட்டு வைக்குமா? ஒரு வாரமா அப்படியே கெடக்கே" என்றாள் அக்கா.

நான் நினைத்ததைத்தான் அவளும் சொன்னாள். துணுக்கை நெருப்பில் காட்டினேன். சுருண்டு பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. பெடலில் ஏதோ ஒரு சாமான் மக்கி உதிர்ந்திருக்கிறது. அதைத்தான் நான் தின்றிருக்கிறேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, பழகின வயிறு.

நவம்பர் 12, புதன்

பேட்டரியை மாட்டியாயிற்று. பெடலுக்குக் கீழே நான் தலையை விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும், பின்னால் ஒரு ஆள் நின்று லைட்டைச் சொல்லவேண்டும். செண்பகா உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கத் தூத்துக்குடி போயிருந்தாள். அக்கா, "அடுப்புல உளுந்தங்களி கெடக்கு, எனக்குச் சோலி இருக்கு. வீட்ல இன்னொரு ஆம்பள இருக்காகல்லா?" என்றாள்.

அத்தான் வந்தார். என்னிடம் பேச முடியாதென்பதால் தூணிடம் சொன்னார்: "எரிஞ்சா ஒரு விசிலு. அணைஞ்சா ரெண்டு விசிலு." கழுத்தில் பழைய விசில் தொங்கியது. ஓய்வு பெற்றும் அதைக் கழற்றவில்லை.

மிதித்தேன். ஒரு விசில்.

விட்டேன். ஒரு விசில்.

மறுபடி மிதித்தேன், மறுபடி விட்டேன். ஒரு விசில், ஒரு விசில். இந்த மனுஷனுக்கு ரெண்டு விசில் அடிக்க மூச்சில்லையோ என்று நினைத்துக் காரைவிட்டே இறங்கி நின்றேன். பீய்ய்ய் என்று நீளமாக ஒன்று.

"கால எடுவே!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

"எடுத்து எம்புட்டு நேரமாச்சு!"

"பொய் சொல்லாதவே, எரியுது!"

"நான் ரோட்டுல நிக்கேன்! வேணும்னா வந்து என் ரெண்டு காலையும் எண்ணிப் பாரும்!"

அத்தான் எட்டிப் பார்த்தார். என் இரண்டு காலும் ரோட்டில் இருந்தன. லைட் எரிந்துகொண்டே இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்படியென்றால் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் எரிகிறது. கல்லை வைத்தாலும் எரிந்தது, எடுத்த பிறகும் எரிந்தது, நான் சாப்பிட்டுத் தூங்கியபோதும் எரிந்துகொண்டே பேட்டரியைக் குடித்திருக்கிறது. லாரிக்காரன் சொன்னதும் அதுதான். லைட் எரியவில்லை என்று அவன் சொல்லவேயில்லையே! அவன் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். தவறு அவன்மேல்.

தலையை உள்ளே விட்டேன். பெடல் தண்டுக்கு எதிரே குட்டி சுவிட்ச் ஒன்று, அதன் மூக்கில் ஒரு ஊசி. பெடல் மேலே இருக்கும்போது தண்டு அந்த ஊசியை அமுக்கி லைட்டை அணைத்து வைக்கவேண்டும். தண்டில் அந்த இடத்தில் இப்போது வெறும் ஓட்டைதான் இருக்கிறது. ஓட்டையை அடைத்திருந்த பிளாஸ்டிக் வில்லை உதிர்ந்து, ஊசி ஓட்டைக்குள் சுகமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. யாரோ எப்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதாக அதற்கு நினைப்பு.

ஊசியை விரலால் அமுக்கினேன். ரெண்டு விசில்.

"அணைஞ்சிட்டு! அணைஞ்சிட்டுவே!"

"கரண்டு எங்கிட்டப் பேசும் அத்தான்! மேலத்தெருக் கொடையில ரெண்டு கையில ரெண்டு ஒயரு, பல்லுல ஒண்ணு—"

அக்கா அடுக்களையிலிருந்து, "அன்னைக்கு நீ ஷாக் அடிச்சுப் பானகப் பானைக்குள்ள உக்காந்திருந்தேலே!" என்றாள். பெண்களுக்குப் பழைய சம்பவம் சரியாக ஞாபகம் இருப்பதில்லை.

வேலை முடிந்து பேட்டரி ஒயரைக் கழற்றியதும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். பேசியது வண்டி விஷயம். அது கணக்கில் வராது.

நவம்பர் 14, வெள்ளி

அந்த வில்லை மதுரையிலிருந்து வரவேண்டுமாம், செவ்வாய்க்கிழமை ஆகுமாம். செண்பகா திங்கட்கிழமை போகவேண்டும். அதுவரைக்கும் மாற்றுச் சாமான் தேடினேன். சட்டைப் பொத்தான் உடைந்தது. புளியங்கொட்டை வழுக்கியது. சோடா மூடி வளைந்தது. எடைக்காரன் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். செண்பகா காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாப்போம். அதுக்குமேல வச்சு என்ன செய்ய?" என்று அவனை அனுப்பினார்.

நவம்பர் 15, சனி

அத்தான் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வட்டமா, வழவழன்னு, கெட்டியா ஒண்ணு வேணும். கேரம் காய் மாதிரி." தூசி தட்டிப் பெட்டியை அவரே எடுத்து வந்தார். கறுப்புக் காய் ஒன்றை எம்சீல் வைத்து ஒட்டினோம். அது மரக்காய், தடி. ஊசியை ரொம்ப அமுக்கியது. பெடலைத் தரைவரை மிதித்தால்தான் லைட் எரிகிறது.

"இது ஆபத்து. பின்னால வாரவனுக்குத் தெரியவே தெரியாது" என்றாள் செண்பகா.

"மெல்லிசா ஒரு காய் இருந்தா..." என்ற அத்தான் நிறுத்திவிட்டார். மற்றதெல்லாம் மரக்காய். எங்கள் ரெட்டு மட்டும் பிளாஸ்டிக், பிறகு தனியாக வாங்கியது, மெல்லிசு. அது அவருக்கும் தெரியும். அவர் கறுப்புக் காயைப் பெயர்த்து, ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டி, வேட்டியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"எதுக்குங்க அத இப்படித் தொடைக்கீக?" என்றாள் அக்கா.

"காய் கெட்டா நாளப்பின்ன ஆட வேண்டாமா?" என்றார் சுவரிடம்.

நாளப்பின்ன! யாரோடு ஆடுவாராம்?

மாடிக்கு வந்துவிட்டேன். எழுதிக்கொண்டிருக்கிறேன். ரெட்டுக் காய் எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரியாத பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், தெரிந்தேதான் இத்தனை நாள் வைத்திருந்தான் என்பார்கள். பேச்சுக்குத்தான் பாலோ இல்லை என்றார், இனி ஆளுக்கே இல்லை என்பார். கொடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எடைக்காரன் வருவான்.

கீழே கார்க் கதவு திறக்கிற சத்தம். செண்பகா உள்ளே உட்கார்ந்து கியர் போடுகிறாள் போல.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் பழைய ஆம்ப்ளிபயரைத் தற்செயலாகத் திறந்தேன். உள்ளே, துணியில் சுற்றி, நூல் கட்டி, ரெட்டுக் காய்! எலிதான் கொண்டுபோய் வைத்திருக்கவேண்டும்.

கீழே போய் யார் முகத்தையும் பார்க்காமல் பெடலுக்குக் கீழே படுத்து ஒட்டினேன். சுற்றிலும் எம்சீல், மேலே செம்புக்கம்பிக் கட்டு. எம்சீல் காயும்வரை காத்திருந்தோம்.

பிறகு அத்தான் பின்னால் போய் நின்றார். விசிலை எடுக்கவில்லை.

"எரியுதா?" என்றேன்.

"எரியுது."

"இப்ப?"

"அணைஞ்சிட்டு."

"இப்ப?"

"எரியுது. லேசா தொட்டாலே எரியுது. ம்... அணைஞ்சிட்டு."

செண்பகா கை தட்டினாள். அத்தான் முன்னால் வந்து, குனிந்து, பெடலுக்கு மேலே சிவப்பாகத் தெரிந்ததைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கவே இருந்துச்சு?"

"எலி கொண்டு போயிருக்கும்போல."

"நூல் கட்டி வைக்கிற எலியோ?"

"ஆமா. சீட்டுக்கடியில வச்சிருந்த பொட்டலத்துக்கு ரப்பர் பேண்டு போட்டுச்சே, அதே எலிதான்."

அத்தான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்கா அங்கே இல்லை. அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான் முதுகைத் தட்டிவிடும்படி ஆயிற்று.

"எலிக்குக்கூட நம்ம வீட்ல கொழுப்புத்தான் மாப்ள" என்றார். எடைக்காரனுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றார்.

நவம்பர் 17, திங்கள்

செண்பகா புறப்பட்டாள். அக்கா திருநீறு பூசினாள். அத்தான் காரைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்து, பஸ்ஸை அனுப்புகிற மாதிரி பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டி, ரெண்டு விசில் அடித்தார். "ரைட், போலாம்!"

கார் தெருவில் போனது. லைட் எரியவில்லை. சரி. தெருமுனையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பார்த்துக்கொண்டே நின்றோம். நான் என்னை அறியாமல் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பார்த்தால் அத்தானும் மிதித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு லைட்டும் செக்கச்செவேல் என்று எரிந்தன.

"ரெட்டு விழுந்துட்டு" என்றார் அத்தான் மெதுவாக.

மாடு கடந்தது. லைட் பளிச்சென்று அணைந்தது. கார் திரும்பி மறைந்தது.

"பாலோவும் போட்டுட்டேவே, குருமல."

தெருவே கைதட்டியது. தெருவில் நாங்கள் இருவரும் அந்த மாடும்தான் இருந்தோம் என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் போர்டை எடுத்து வாசலில் போட்டோம். ரெட்டு வேலைக்குப் போயிருந்ததால் நடுவில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து ஆடினோம். ஆட்டத்துக்கு நடுவிலேயே அவள் கார் வந்துவிட்டது. முதல் நாளே ஒரு எருமைக்கு ஊசி போட்டாளாம்.

நான்தான் ஜெயித்தேன். அத்தானிடம் கேட்க வேண்டாம்.